குப்பை அள்ளும் கைக்கு லாபத்தில் பங்கு எங்கே?

சேர்வராயன் மலையில் பிறக்கும் சரபங்கா, ஓமலூர், எடப்பாடி வழியாக ஓடி காவிரியில் கலக்கிறது. காவிரி பூம்புகாரில் கடலைச் சேர்கிறது. எடப்பாடியில் சாக்கடையிலும் ஓடையிலும் வீசப்படும் கேரி பேக்கும் தண்ணீர் பாட்டிலும், ஒரு பெருமழை வந்தால் இந்த வழியில்தான் கிளம்புகின்றன. மதகிலும் கரையிலும் சிக்கியது போக மிச்சம் கடலுக்குப் போகிறது. எனவே கடல் பிளாஸ்டிக் என்பது மீனவர்களின் பிரச்னை மட்டுமல்ல.

இந்தக் குப்பையை அகற்றுவது இன்று உலகம் முழுவதும் இளைஞர்களின் தொழிலாகவும் மாறிவருகிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த போயான் ஸ்லாட், 2013-ல் தன் 18-ஆவது வயதில் ‘ஓஷன் கிளீனப்’ அமைப்பைத் தொடங்கினார். நடுக்கடலில் குப்பை அள்ளப் புறப்பட்டவர்கள், பிறகு ஆறுகளிலேயே அதைத் தடுக்கும் கருவிகளை இறக்கினார்கள். கேரளத்தின் நீண்டகரை துறைமுகத்தில் 2017-ல் தொடங்கிய ‘சுசித்வ சாகரம்’ திட்டத்தில், வலையில் சிக்கிய பிளாஸ்டிக்கை மீனவர்கள் கரைக்குக் கொண்டுவந்தார்கள். பெண்கள் அதைக் கழுவித் தரம் பிரித்தார்கள். அரைத்த பிளாஸ்டிக் தார்ச்சாலை போடப் பயன்பட்டது. பிளாஸ்டிக்கைத் தாரில் கலக்கும் முறையைக் கண்டறிந்தவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன். 2018-ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

குப்பைக்கு விலை வந்துவிட்டது. அந்த விலை யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பதே நம் கேள்வி.

மத்திய அரசு 2022-ல் கொண்டுவந்த விதிகளின்படி, பிளாஸ்டிக் உறையில் பொருளை விற்கும் நிறுவனங்கள் அந்தக் கழிவுக்குப் பொறுப்பேற்க வேண்டும். பதிவுபெற்ற மறுசுழற்சி ஆலையிடம் சான்றிதழ் வாங்கி அவை கணக்கை முடித்துக்கொள்ளலாம். ஆலைக்குப் பணம் வருகிறது. ஆனால் அந்த பாட்டிலைக் குப்பைமேட்டில் பொறுக்கிய பெண்ணின் பெயர் எந்தச் சான்றிதழிலும் இல்லை. சேலம், நாமக்கல் பகுதியில் தூய்மைப் பணியில் இருப்பவர்களில் பெரும்பாலோர் அருந்ததியர்கள். தொழில் புதிதாகி, பெயரும் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டது. குப்பையில் கை வைப்பவர் மட்டும் மாறவில்லை.

இதில் ஒரு எளிய கணக்கு உண்டு. நசுக்காத பாட்டில்களை லாரியில் ஏற்றினால் பாதிக்கு மேல் காற்றுதான் போகும். வாடகை கட்டுப்படியாகாது. அதனால் பொறுக்குபவர் பக்கத்துக் காயலான் கடையில், அவர் சொல்லும் விலைக்குப் போட வேண்டியிருக்கிறது. ஒரு கொட்டகை, தரம் பிரிக்க ஒரு மேசை, அமுக்கிக் கட்டும் இயந்திரம், எடைக்கல் இருந்தால் நேரடியாக ஆலையிடமே விலை பேசலாம். லாபம் கைமாறும் இடம் இதுதான்.

புனேயில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். அங்கே 1993-ல் குப்பை பொறுக்குவோர் சங்கம் கட்டினார்கள். பிறகு ‘ஸ்வச்’ கூட்டுறவு உருவாகி, 2008-ல் மாநகராட்சியுடன் ஒப்பந்தம் போட்டு வீடுவீடாகக் குப்பை எடுக்கிறது. அதன் உறுப்பினர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். உரிமையாளர்களும் அவர்களே.

“மறுபடியும் எங்கள் பிள்ளைகளைக் குப்பைக்கே அனுப்புவதா?” என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி. குப்பை எந்தச் சாதிக்கும் குலத்தொழில் அல்ல. படித்த பிள்ளை ஆசிரியராகவும் அதிகாரியாகவும் போகட்டும். ஆனால் இதுவரை உழைத்த குடும்பங்களை வெறுங்கையோடு விட்டுவிட்டு, முதல் போட்டவர் மட்டும் இந்தத் தொழிலில் வளர்வதை எப்படி ஏற்பது? கையுறையும் இயந்திரமும் வங்கிக் கணக்கும் வந்து, எல்லாச் சாதியினரும் அங்கே வேலைக்கு நின்றால்தான் இந்தத் தொழில் சாதியை விட்டு விலகும்.

வழி இல்லாமல் இல்லை. தமிழக அரசு 2023-ல் கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில், பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு முதலீட்டில் 35 சதவீத மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். எடப்பாடியைச் சுற்றிச் சரக்குக்கும் பஞ்சமில்லை. வீட்டுக் குப்பை போக, வயலில் கிழிந்த சொட்டுநீர்க் குழாயும் நிலப்போர்வை ஷீட்டும் உரச்சாக்கும் கிடக்கின்றன.

ஆனால் மானியம் மட்டும் போதாது. தரம் பிரித்த குப்பை ஒழுங்காகக் கைக்கு வர வேண்டும். அது உள்ளாட்சியின் கையில் இருக்கிறது. குப்பை பொறுக்குவோரை அடையாளம் கண்டு பணியில் சேர்க்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே சொல்லிவிட்டன. எடப்பாடி நகராட்சியும் சுற்றியுள்ள பேரூராட்சிகளும் இதைக் கொள்கையாக்கலாம்: கொட்டகைக்கு இடம், உலர் குப்பை எடுக்கும் ஒப்பந்தத்தில் தூய்மைப் பணியாளர் குடும்பங்களின் குழுக்களுக்கு முன்னுரிமை.

கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. விண்ணப்பம் எழுதவும், திட்ட அறிக்கை தயாரிக்கவும், ஆலைகளின் விலையைக் கேட்டறியவும் உங்களால் முடியும். உங்கள் தெருவில் குப்பை எடுக்கும் அக்காவுடன் உட்கார்ந்து அதைச் செய்யுங்கள். நாளை வரும் கொட்டகையின் பெயர்ப்பலகையில் உரிமையாளர் என்று அவர் பெயர் இருக்க வேண்டும்.