கடல் கடக்காத வேலை

பொருள் தேடிக் கடல்வழி போகிற ஆண், மனைவியை உடன் அழைத்துப் போகும் வழக்கம் இல்லை என்று அகத்திணையியலில் விதி வகுத்தார் தொல்காப்பியர். வகுப்பில் இதை நடத்தும்போது மாணவிகள் சிரிப்பார்கள். "இப்ப எல்லாரும் ஃபிளைட்ல கூட்டிட்டுத்தானம்மா போறாங்க" என்பார்கள். உண்மைதான். நான் குடியிருக்கும் வில்லாபுரத்திலிருந்து விமான நிலையம் ஆட்டோவில் போகிற தூரம். அவனியாபுரம் வழியாகப் போகும் அந்தச் சாலையில், தாலிக்கயிற்றின் மஞ்சள் கூட மங்காத பெண்களை வழியனுப்பக் குடும்பத்தோடு வேன்கள் போகின்றன. தொல்காப்பியர் விதி காலாவதியாகிவிட்டது. பெண் கடல் கடக்கிறாள். அவள் பார்த்த வேலை மட்டும் கரையிலேயே நின்றுவிடுகிறது.

தமிழ்ப் பேராசிரியைக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். எங்கள் கல்லூரியில் கணினி அறிவியல், தகவல் தொழில்நுட்பம் படிக்கிற பெண்களுக்கும் பகுதி 1 தமிழ் நான்தான் எடுக்கிறேன். அவர்களில் பலர் நெட்வொர்க்கிங் துறைக்குப் போனார்கள். ரவுட்டர், சுவிட்ச், ஃபயர்வால் இவற்றை நிறுவி, ஒரு நிறுவனத்தின் கணினிகள் ஒன்றோடொன்று பேசும்படி காப்பது அந்த வேலை. நன்றாகச் செய்தார்கள். திருமணம் முடிந்து நாடு மாறியதும் அவர்களில் பெரும்பாலோர் அந்த வேலையில் இல்லை. இதை அவரவர் விதி என்று நம் வீடுகள் சொல்லிக்கொள்கின்றன. இது விதியே இல்லை. சட்டமும் குடும்பமும் சேர்ந்து செய்கிற காரியம்.

முதலில் சட்டம். அமெரிக்காவில் எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவரின் மனைவிக்குக் கிடைப்பது எச்-4 விசா. அதில் அங்கே வசிக்கலாம், படிக்கலாம். சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. சம்பளம் தரவேண்டிய வேலையை இலவசமாகச் செய்து கொடுத்தால்கூடச் சிக்கல்தான். வேலை அனுமதி இல்லாதவருக்குச் சமூகப் பாதுகாப்பு எண் கிடையாது. 2015 மே 26 அன்றுதான் ஒரு சன்னல் திறந்தது. நிரந்தர வசிப்புரிமைக்காகக் கணவரின் நிறுவனம் போட்ட ஐ-140 மனு ஏற்கப்பட்டிருந்தால், அல்லது ஆறு ஆண்டு வரம்பைத் தாண்டி அவருக்கு விசா நீட்டிப்புக் கிடைத்திருந்தால், மனைவி வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அந்த அட்டையைப் பெற்றவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இந்தியாவில் பிறந்தவர்கள். அதே போலப் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பெண்கள்.

அதாவது, ஒரு பெண் என்ன படித்தாள், எத்தனை ஆண்டு அனுபவம் என்பதை அந்தச் சட்டம் கேட்பதே இல்லை. கணவரின் முதலாளி மனுப் போட்டாரா என்று மட்டும் கேட்கிறது. வேலைவாய்ப்பு அடிப்படையில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டுகள் தரும் அந்த நாடு, எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கொடுப்பதில்லை என்று வைத்திருக்கிறது. இந்தியர்களின் வரிசை பத்தாண்டுகளைத் தாண்டி நீள்வதற்கு அது முக்கியக் காரணம். அந்த வரிசையில் கணவர் சம்பளத்தோடு நிற்கிறார். மனைவி பக்கத்தில் சும்மா நிற்கிறாள்.

திறந்த சன்னலும் நிம்மதியாகத் திறந்திருக்கவில்லை. 2015இலேயே 'சேவ் ஜாப்ஸ் யுஎஸ்ஏ' என்ற அமைப்பு விதியை எதிர்த்து வழக்குப் போட்டது. சதர்ன் கலிபோர்னியா எடிசன் நிறுவனத்தில் தங்கள் வேலையை எச்-1பி ஊழியர்களிடம் இழந்தவர்கள் தொடங்கிய அமைப்பு அது. அவர்கள் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆட்குறைப்புச் செய்தது நிறுவனம், லாபம் பார்த்தது நிறுவனம். கூண்டில் ஏற்றப்பட்டது மட்டும் சமையலறையில் நின்ற மனைவியின் வேலை அனுமதி. 2017இல் அந்நாட்டு அரசே இந்த விதியை நீக்கப்போவதாக அறிவித்தது. 2021 ஜனவரியில்தான் அந்த முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. 2024 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதி செல்லும் என்றது. இத்தனை ஆண்டுகளும் அந்தப் பெண்கள் ஒவ்வொரு அட்டையையும் இதுதான் கடைசியோ என்ற பயத்தோடு வாங்கினார்கள்.

"அவங்க நாடு, அவங்க சட்டம். நாம என்ன கேக்க முடியும்?" என்று ஒரு வாதம் உண்டு. அதே நாட்டில் எல்-1 விசாவில், அதாவது தன் நிறுவனத்தின் கிளைக்கு மாற்றலாகிப் போகிறவரின் மனைவி வேலை பார்க்கலாம். 2002இலிருந்து அதற்குச் சட்டம் இருக்கிறது. பிரிட்டனில் திறன்சார் ஊழியர் விசாவில் உடன் போன மனைவியும் வேலை பார்க்கலாம். சிங்கப்பூர் எதிர்த்திசையில் போனது. சார்புரிமை அட்டை வைத்திருப்பவர்கள் வேலைக்குத் தனியாக அனுமதி பெறவேண்டும் என்று 2021 மே மாதம் இறுக்கிவிட்டது. ஆக, மனைவி வேலை பார்ப்பதால் எந்த நாடும் கவிழ்ந்துவிடவில்லை. தடுப்பதும் விடுவதும் அரசுகள் செய்யும் தேர்வு. தேர்வு என்றால் எதிர்த்துக் கேட்கலாம்.

நெட்வொர்க்கிங் துறையில் இந்தக் காத்திருப்பின் சேதம் தனியானது. என்னுடைய முனைவர் பட்டம் இருபதாண்டு அலமாரியில் கிடந்தாலும் பட்டம்தான். சிஸ்கோ நிறுவனத்தின் சிசிஎன்ஏ சான்றிதழுக்கு ஆயுள் மூன்றாண்டு. மறுபடி தேர்வு எழுதவோ படித்துப் புதுப்பிக்கவோ வேண்டும். தேர்வின் பாடமும் மாறிக்கொண்டே இருக்கும். 2020 பிப்ரவரியில் பழைய சிசிஎன்ஏ பிரிவுகளை எல்லாம் கலைத்து ஒரே தேர்வாக்கிவிட்டார்கள். தானியங்கி நிரலாக்கமும் உள்ளே வந்தது. பத்தாண்டு வரிசையில் நிற்பவளின் கையில் மூன்றாண்டுச் சான்றிதழ். கணக்கு எங்கே முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வில்லாபுரத்துப் பெண் ஒருத்தியின் கதையை அவள் சம்மதத்தோடு பெயரில்லாமல் சொல்கிறேன். அப்பாவுக்கு வீடுகளுக்கு வயரிங் செய்யும் வேலை. சின்ன வயதில் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்று டெஸ்டர் எடுத்துக் கொடுத்தவள். பி.எஸ்சி. முடித்துச் சென்னையில் ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க் கண்காணிப்பு மையத்தில் சேர்ந்தாள். நள்ளிரவில் ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு வங்கியின் இணைப்பு அறுந்தால் எங்கே அறுந்தது என்று கண்டுபிடிப்பது அவள் பொறுப்பு. 2015இல் சிசிஎன்ஏ. 2016இல் கல்யாணம், டெக்சாஸ். 2018இல் சான்றிதழ் காலாவதி. கணவரின் ஐ-140 ஏற்கப்பட்டு அவள் கைக்கு அட்டை வந்தபோது 2020.

இடைப்பட்ட காலத்தில் அவள் சும்மா இருக்கவில்லை. யாரோ கழித்துப் போட்ட பழைய சுவிட்சுகள் இரண்டை வாங்கி, துணி அலமாரிக்குள் வைத்துப் பழகினாள். பேக்கட் டிரேசரில் கற்பனை அலுவலகங்களுக்கு வலை பின்னினாள். ஆனால் நேர்காணலில் கேட்ட முதல் கேள்வி, "நான்கு வருடம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்பதுதான். வேலை பார்க்கக் கூடாது என்று தடுத்ததும் அதே நாடு, ஏன் வேலை பார்க்கவில்லை என்று கேட்டதும் அதே நாடு. பாதுகாப்புத் துறை சார்ந்த நெட்வொர்க் வேலைகள் குடியுரிமை கேட்டன. இந்திய அனுபவத்தை ஒரு வரியாகக்கூட மதிக்காத இடங்கள் இருந்தன. கடைசியில் கேபிள் இழுத்து முனை பொருத்தும் ஒப்பந்த வேலை கிடைத்தது. "அப்பா பாத்த வேலைதாம்மா, டாலர்ல பாக்குறேன்" என்றாள். சுவரைத் துளைத்த கைகளால் அங்கேயே மேலேறி, மறுபடி ரவுட்டர் அறைக்குள் நுழைந்தாள். 2022இல் அட்டையைப் புதுப்பிக்கும் மனு மாதக்கணக்கில் தாமதமானது. அட்டை காலாவதியான நாளில் அந்த நிறுவனம் அவளை வீட்டுக்கு அனுப்பியது. புது அட்டை வந்தபோது அந்த இடத்தில் வேறு ஆள்.

இதைக் கேட்கும் நம்மவர்கள் சொல்வது: "பொம்பளப் பிள்ளைக்குக் கேபிள், ஏணி, ராத்திரி ஷிப்டு எதுக்கு? டீச்சிங், டெஸ்டிங்னு ஏதாவது பாத்தா என்ன?" இவர்களுக்கு வரலாறு தெரியாது. தொலைபேசி இணைப்பகங்களில் செருகியைப் பிடுங்கி மாற்றி ஊரையும் ஊரையும் பேசவைத்தது பெண்களின் கை. 1940களில் எனியாக் கணினிக்குக் கேபிள்களை மாற்றிச் செருகி நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். இன்று உலகத்து அலுவலகங்களில் சுவிட்சுகளுக்கு இடையே தரவு சுற்றிச் சுற்றி வந்து வலையே முடங்கிவிடாமல் காக்கும் ஸ்பேனிங் ட்ரீ நெறிமுறையை 1985இல் உருவாக்கியவர் ரேடியா பெர்ல்மன் என்ற பெண். கேபிள் ஆணுடையது என்பது அந்த வேலைக்குச் சம்பளம் ஏறிய பிறகு வந்த நம்பிக்கை.

இனி நம் வீட்டுக்கு வருகிறேன். அமெரிக்கச் சட்டத்தைத் திட்டிவிட்டுக் கைகழுவ எனக்கு மனமில்லை. அந்தச் சட்டத்துக்கு ஆள் அனுப்பி வைப்பது நாம்தான். 'சார்ந்திருப்பவள்' என்ற கட்டத்தில் அவளை முதலில் உட்காரவைப்பது விசா அதிகாரி இல்லை, தரகரின் நோட்டு. வேலைக்குப் போகும் பெண்தான் வேண்டும் என்று வருவார்கள். அவள் சம்பளத்தையும் சான்றிதழையும் நகைக்கணக்கோடு சேர்த்து எடை போடுவார்கள். நாள் குறித்த பிறகு, "அங்க வந்து கொஞ்ச நாள் வீட்ல இருக்கட்டும்" என்பார்கள். அந்தக் கொஞ்ச நாளுக்கு முடிவு தேதி யாரும் சொல்வதில்லை, பெண் வீட்டாரும் கேட்பதில்லை.

வினை ஆணுக்கு உயிர், மனையுறையும் பெண்ணுக்கு ஆணே உயிர் என்ற கருத்து குறுந்தொகையின் 135ஆம் பாட்டில் வருகிறது. பாடியவர் பாலை பாடிய பெருங்கடுங்கோ. மேடைகளில் அதைத் தமிழ்ப் பண்பாடு என்று முழங்குகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அதைச் சொல்லித் தந்தவரே தலைவர்தான் என்று அந்தப் பாட்டில் தோழி நினைவூட்டுகிறாள். அவன் சொல்லையே பிடித்துக்கொண்டு, அவன் பயணம் நிற்கும் என்கிறாள். ஆண் வகுத்த இலக்கணம் அது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நமக்கு மறந்துவிட்டது.

ஆண் சார்ந்திருக்க நேர்ந்தால் என்ன ஆகும்? கேரளத்துச் செவிலியர்கள் முன்னால் போக, கணவர்கள் பின்னால் போனார்கள். அந்தக் குடும்பங்களைப் பற்றி ஷீபா மரியம் ஜார்ஜ் 2005இல் ஒரு நூல் எழுதினார். வீட்டிலும் வேலையிலும் இழந்த மதிப்பை அந்த ஆண்கள் தேவாலயப் பொறுப்புகளில் தேடிக்கொண்டதை அவர் காட்டினார். பல்லவி பானர்ஜி 2022இல் எழுதிய நூல், கணினித் துறை ஆண்களின் குடும்பங்களையும் செவிலியர் குடும்பங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. வேலையில்லாமல் வீட்டிலிருப்பது ஆணுக்கு நேர்ந்தால் எல்லோர் கண்ணிலும் படுகிற அவமானம். பெண்ணுக்கு நேர்ந்தால் அது குடித்தனம். அவளுடைய இழப்பை இழப்பு என்று சொல்ல ஒரு சொல்லைக்கூட நாம் வைத்திருக்கவில்லை.

என் மாணவிகளிடம் சில காரியங்களை இப்போது பாடத்தோடு சேர்த்தே சொல்கிறேன். கல்லூரிகளின் வேலைவாய்ப்புப் பிரிவுகள் சம்பளத்தைப் பேனரில் போடுகின்றன, விசா வகைகளை ஒரு மணிநேரம்கூடச் சொல்லித் தருவதில்லை. ஆகவே நீங்களே கேளுங்கள். மாப்பிள்ளை எந்த விசாவில் இருக்கிறார்? ஐ-140 எந்த நிலையில்? உனக்கு வேலை அனுமதி எப்போது? சம்பளத்தைக் கேட்பது தப்பில்லை என்றால் இதைக் கேட்பதும் தப்பில்லை. ஆஸ்திரேலியா, கனடா போன்ற புள்ளிக் கணக்கு நாடுகளுக்குப் போவதானால் கணவன் மனைவி இருவரில் யாரும் முதன்மை விண்ணப்பதாரர் ஆகலாம். ஆஸ்திரேலியாவின் தொழில் வகைப்பாட்டில் கணினி நெட்வொர்க் பொறியாளர் என்று தனி இடமே உண்டு. உன் படிப்புக்குப் புள்ளி அதிகம் என்றால் விண்ணப்பத்தின் முதல் பெயர் உன்னுடையதாக இருக்கட்டும்.

பெயரைக் காப்பாற்று. நம்மூரில் கல்யாணம் ஆனதும் அப்பாவின் முன்னெழுத்து போய்க் கணவனின் முன்னெழுத்து வந்து ஒட்டிக்கொள்கிறது. மதிப்பெண் பட்டியலில் ஒரு பெயர், அனுபவச் சான்றில் அதே பெயர், பாஸ்போர்ட்டில் இன்னொரு பெயர். வெளிநாட்டு நிறுவனம் பின்னணிச் சரிபார்ப்பு செய்யும்போது, அந்தப் படிப்பும் அனுபவமும் உன்னுடையவைதாம் என்று நீயே நிரூபிக்க வேண்டியிருக்கும். திருமணத்துக்குப் பின் பாஸ்போர்ட்டில் பெயர் மாற்றியே தீரவேண்டும் என்று இந்தியச் சட்டம் சொல்லவில்லை. அனுபவக் கடிதத்தில் பதவிப் பெயர் மட்டும் போதாது, எந்தக் கருவிகளில் என்ன வேலை செய்தாய் என்பதை எழுதி வாங்கு. பல்கலைக்கழகத்தின் முத்திரையிட்ட மதிப்பெண் சான்றுகளைக் கிளம்பும் முன்பே எடுத்துக்கொள். அங்கிருந்து எழுதிக் கேட்டால் அலையப்போவது உன் வயதான அப்பா.

இவை தற்காப்புகள்தாம், தீர்வில்லை என்று எனக்குத் தெரியும். எச்-4இல் இருக்கும் பெண்ணுக்கு, கணவனின் முதலாளியைக் கேட்காமல், போய் இறங்கிய நாளிலிருந்தே வேலை உரிமை வேண்டும். அதற்காக அங்கே பல பெண்கள் வழக்கு மன்றங்களிலும் அரசு அலுவலகங்களிலும் எழுதியும் பேசியும் போராடுகிறார்கள். இங்கே இருக்கும் நாம் செய்ய வேண்டியது, மகளின் வேலையைப் பயணப் பெட்டியில் கடைசியாக வைக்கிற பொருளாக நினைப்பதை நிறுத்துவது. எடை கூடினால் முதலில் வெளியே எடுப்பது அதைத்தான் என்று இருக்கிறோம். ஊறுகாய் பாட்டிலை எடுங்கள், அவள் வேலை இருக்கட்டும்.