மதிப்பெண் தாள் இல்லாத நேர்காணல்

வளாகத் தேர்வு காலம் வந்துவிட்டால் திருச்சியைச் சுற்றியுள்ள பல பொறியியல் கல்லூரிகளில் பாடம் பின்னுக்குப் போய்விடுகிறது. 'செல்ஃப் இன்ட்ரோ' மனப்பாடம், குழு விவாதம், மாதிரி நேர்காணல் என்று ஓட்டம். வெல்டிங் கூடத்தில் நிற்க வேண்டிய பிற்பகல்கள் இதில் கரைகின்றன. தமிழக அரசு 2022 மார்ச் 1-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டமும் மாணவரைத்தான் தயார்செய்கிறது. கேள்வி கேட்பவரை யார் தயார்செய்வது?

நேர்காணலில் ஒருவருக்குக் கிடைக்கும் மதிப்பீடு, பிறகு அவர் வேலை பார்க்கும் விதத்தோடு எவ்வளவு பொருந்துகிறது? பல்லாண்டு ஆய்வுகளைத் தொகுத்து உளவியலாளர் பால் சாக்கெட் குழுவினர் 2022-ல் மறுகணக்கிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விகள், முன்பே வகுத்த மதிப்பெண் முறை என்றால் ஒட்டுறவு (முழுப் பொருத்தம் என்றால் 1) 0.42. துறை அறிவுத் தேர்வுக்கு 0.40. வாய்க்கு வந்ததைக் கேட்டு, மனதில் பட்டதைப் போடும் நேர்காணலுக்கு 0.19. இதை வர்க்கப்படுத்திப் பாருங்கள், 4 சதவீதம்கூடத் தேறாது. ஆளுக்கு ஆள் வேலைத்திறன் வேறுபடுவதில் நூற்றில் நான்கு பங்கைக்கூடக் காட்டாத ஓர் உரையாடலுக்காக ஒரு பருவத்தையே பலி கொடுக்கிறோம்!

'நம் பிள்ளைகளுக்கு கம்யூனிகேஷன் போதாது' என்பவர்கள் தேடுவது நகரத்து உச்சரிப்பை. அவர்களோடு வாதிட ஒன்றுமில்லை.

'நெருக்கடியில் நீங்கள் எடுத்த முடிவு ஒன்றைச் சொல்லுங்கள்' என்பது நல்ல கேள்வி. நடவு நேரத்தில் மோட்டார் காயில் எரிந்துபோக, அதைக் கழற்றி ரீவைண்டிங் கடைக்குத் தூக்கிப்போய், அதுவரை பக்கத்து வயல்காரரிடம் பேசித் தண்ணீர் வாங்கிப் பயிரைக் காப்பாற்றிய முசிறிப் பையனிடம் அதற்கு அசல் பதில் இருக்கிறது. பயிற்சியாளர் அதைக் கேட்டு வாங்குவதில்லை. ஊருக்கெல்லாம் கொடுத்த அதே 'டீம் லீடர்' கதையை அவனுக்கும் கொடுக்கிறார். தொழில்நுட்பச் சுற்று இன்னும் மோசம். திருவெறும்பூரில் 1965 முதல் பெல் (BHEL) கொதிகலன் ஆலை நிற்கிறது. அங்கேயே 1975-ல் வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனமும் வந்தது. அப்படிப்பட்ட ஊரில் மெக்கானிக்கல் படித்தவனிடம் ஜாவா கேட்கிறார்கள். அவன் இறுதியாண்டு புராஜெக்டில் எந்த அளவீடு தவறியது, ஏன் தவறியது, எதை மாற்றினான் என்று கேட்டால் பத்து நிமிடத்தில் ஆள் தெரிந்துவிடும்.

நேர்காணல் இல்லாமலும் ஆள் எடுக்கலாம். மத்திய அரசு, கெசட்டட் அல்லாத பி பிரிவு, சி பிரிவுப் பணிகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் நேர்காணலையே எடுத்துவிட்டது. நிர்வாகம் சாய்ந்துவிடவில்லை.

நேர்காணல் வேண்டும் என்றால், அதைச் சீராக்குவதை சேதுராப்பட்டியில் 2013-ல் தொடங்கிய ஸ்ரீரங்கம் அரசு பொறியியல் கல்லூரியிலிருந்தே ஆரம்பிக்கலாம். உள்ளே வரும் நிறுவனம் கேள்விப் பகுதிகளையும் மதிப்பெண் தாளையும் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். சிவில், மெக்கானிக்கலை அண்ணா பல்கலைக்கழகம் 2010 முதல் தமிழ்வழியில் நடத்தியிருக்கிறது. ஆகவே தமிழில் விளக்கும் மாணவரைத் தடுக்கக் கூடாது. நிராகரிக்கப்பட்டவருக்கு அவர் மதிப்பெண்ணைக் காட்ட வேண்டும். இந்த மூன்றும் நடந்தால் இம்மாவட்டத்தில் வேலையின்றி நிற்கும் பொறியாளர்களுக்கு நியாயமான வாய்ப்பாவது கிடைக்கும். மறுக்கும் நிறுவனத்துக்கு அரசுக் கல்லூரி வாசலைத் திறக்கவே கூடாது.