டிக்கெட் விலையைக் கேட்கிறோம், ட்ரான்சிட் நேரத்தைக் கேட்கிறோமா?



நம்மூரில் உம்ராவுக்குப் பேர் கொடுக்கப் போனால் முதலில் கேட்பது "எவ்வளவு?" அடுத்தது "ஹோட்டல் ஹரமுக்குக் கிட்டவா, தூரமா?" இந்த இரண்டும் கேட்ட பிறகு காசைக் கட்டிவிட்டு வந்துவிடுகிறோம். "இடையில் எந்த எயார்போர்ட்டில் மாற வேண்டும்? அங்கே எவ்வளவு நேரம் கிடைக்கும்?" என்று கேட்கிறவர் பத்துப் பேரில் ஒருவர் கூட இல்லை. மகனைக் கட்டாருக்கோ சவூதிக்கோ அனுப்பும்போதும் இதே கதைதான்.

காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும் உம்ராவுக்குப் போகிறவர்களில் பலர் சீட்டுப் பிடித்து, நகையை விற்று, பிள்ளைகள் மாதாமாதம் அனுப்பியதைச் சேர்த்துப் போகிறவர்கள். அறுபது வயதுக்குப் பிறகுதான் முதன்முதலாக விமானத்தில் ஏறுகிறார்கள். அப்படிப் போன வயதான ஒரு தம்பதி, அடுத்த விமானத்தைத் தவறவிட்டு, ஓர் இரவு முழுக்கக் கதிரையில் குந்தியிருந்து, கடைசியில் ஊரிலிருந்து பிள்ளைகள் கடன்பட்டுப் புது டிக்கெட் எடுத்துக் கொடுத்த சம்பவம் நமக்குத் தெரியும். ஊரில் அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது இரண்டு பதில்கள்தான் கிடைத்தன. ஒன்று "அதுகளுக்கு இங்கிலீஷ் தெரியாது." மற்றது "கத்ர், என்ன செய்ற."

கத்ரை நாம் நம்புகிறோம். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படிதான் நபி (ஸல்) அவர்கள் சொல்லித் தந்தார்கள். அந்தத் தம்பதியின் ஒட்டகம் டிக்கெட் போட்ட அன்றே கட்டப்படாமல் விடப்பட்டது. ஆகவே இங்கிலீஷைக் குறை சொல்ல முன்னர் கணக்கைப் பார்ப்போம்.

உதாரணமாக, ட்ரான்சிட் ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும் என்று வையுங்கள். 70 நிமிடம். விமானம் புறப்படுவதற்குச் சுமார் 20 நிமிடத்துக்கு முன்னரே கேட் மூடப்படும். மிச்சம் 50. பின் ஆசனத்தில் இருப்பவர் இறங்கி முடிய 15, 20 நிமிடம் போய்விடும். விமானம் தூரத்தில் நின்றால் பஸ்ஸில் ஏற்றித்தான் கட்டிடத்துக்குக் கொண்டுபோவார்கள். மிச்சம் 30 நிமிடம் என்று வைத்தாலும், அதற்குள் பாதுகாப்புச் சோதனை வரிசையில் திரும்பவும் நிற்க வேண்டும், திரையில் கேட் இலக்கத்தைத் தேட வேண்டும், அந்த நீளமான மண்டபத்தை நடந்து கடக்க வேண்டும். கட்டுநாயக்கவிலேயே விமானம் அரை மணித்தியாலம் பிந்திக் கிளம்பியிருந்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

அப்படியானால் இப்படி ஒரு டிக்கெட்டை ஏன் விற்கிறார்கள்? ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் விமானம் மாறக் குறைந்தபட்சம் இவ்வளவு நேரம் என்று ஓர் அளவு இருக்கிறது. அதற்குக் குறையாவிட்டால் கணினி விற்க அனுமதிக்கும். அந்தக் கணினிக்கு நமது உம்மாவின் முழங்கால் வருத்தம் தெரியாது.

உம்ரா பயணிக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. வளைகுடாவில் மாறி ஜித்தாவுக்குப் போகிறவர்கள் மீகாத் எல்லையை விமானத்துக்குள் இருந்தபடியே கடக்கிறார்கள். ஆகவே பலர் இஹ்ராம் உடுத்துவது ட்ரான்சிட் எயார்போர்ட்டில்தான். வுழு செய்து, உடுப்பு மாற்றி, ஜம்உ கஸ்ராகத் தொழுதுவிட்டுப் போக வேண்டும். முப்பது பேர் கொண்ட குழு ஒன்று ஒரே கழிவறை வாசலில் நிற்கும்போது மேலே சொன்ன 30 நிமிடம் எம்மட்டுக்கு?

இதெல்லாம் கட்டுநாயக்கவுக்குப் பிறகு நடப்பவை. நமது முதல் ட்ரான்சிட் கட்டுநாயக்கதான். கொழும்பில் இருப்பவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு விமானம் ஏறப் போகலாம். நாம் வாழைச்சேனை, பொலன்னறுவை, ஹபரண, தம்புள்ளை, குருநாகல் என்று 300 கிலோமீற்றர் அளவில் வேனில் போய்ச் சேர வேண்டும். ஹபரணப் பக்கம் யானை குறுக்கே நின்றால் நின்றதுதான். 2025 பெப்ரவரியில் மட்டக்களப்பு ரயிலில் மோதி ஆறு யானைகள் இறந்தன, ரயிலும் தடம்புரண்டது. அதே வருடம் நவம்பர் கடைசியில் டித்வா புயலில் வீதிகளும் தண்டவாளங்களும் பல இடங்களில் அறுந்துபோயின. விமானத்துக்கு மூன்று மணித்தியாலத்துக்கு முன் அங்கே நிற்க வேண்டும் என்றால், இங்கிருந்து பத்துப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு முன் கிளம்புவதுதான் புத்தி. மாரி காலமென்றால் முதல் நாளே போய்விடுவது நல்லது. திகதியிலும் கவனம் வேண்டும். டிக்கெட்டில் திங்கட்கிழமை 00.45 என்று இருந்தால் ஞாயிறு பின்னேரமே எயார்போர்ட்டில் நிற்க வேண்டும். திங்கள் இரவு போய் நிற்பவருக்கு விமானம் இல்லை.

மண்முனையில் 2014இல் பாலம் வரும் வரை பாதையில் ஏறி வாவியைக் கடந்தவர்கள் நாம். ஒரு பாதை போனால் கரையில் நின்றால் போதும், திரும்பி வரும். விமானத்தின் கதவு மூடினால் அப்படியல்ல.

இதைவிட ஆபத்தானது, மலிவு என்று இரண்டு தனித்தனி டிக்கெட்டாகப் போட்டுக் கொடுப்பது. ஒரே டிக்கெட், ஒரே பி.என்.ஆர் இலக்கம் என்றால், முதல் விமானம் பிந்தி இரண்டாவது தவறும்போது அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அந்த நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டாவது நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் வராமல் விட்ட பயணி, அவ்வளவுதான். லக்கேஜும் பெரும்பாலும் நேரே போகாது. வெளியே போய் எடுத்து மறுபடி போட வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டோடு அமீரகத்தில் விசா இல்லாமல் வெளியே போக முடியாது. டுபாயில் இரண்டாவது டெர்மினல் ஓடுபாதைகளுக்கு மறுபக்கம் இருக்கிறது. அங்கே இறங்கி மூன்றாவது டெர்மினலில் ஏற வேண்டும் என்றால் பஸ்ஸில்தான் போக வேண்டும். இதை ஏஜென்சியில் யார் நமக்கு விளக்கிச் சொல்கிறார்கள்?

"நீண்ட ட்ரான்சிட் என்றால் வயதானவர்கள் அலுத்துப்போவார்கள், விலையும் கூடும்" என்று சொல்கிறார்கள். அதில் நியாயம் உண்டு. பத்து மணித்தியாலம் காக்க வைப்பதும் அநியாயம்தான். மூன்று, நான்கு மணித்தியாலம் போதும் என்கிறோம். தனியே போகிற இளைஞனுக்கு, ஒரே டிக்கெட் என்றால், இரண்டு மணித்தியாலம் தாராளம். வித்தியாசமாக வரும் சில ஆயிரங்களை அவசரத்தில் வாங்கும் புது டிக்கெட்டின் விலையோடு வைத்துப் பாருங்கள்.

ஆகவே சில விடயங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

ஏஜென்சி நடத்தும் சகோதரர்களே, பற்றுச்சீட்டிலேயே எந்த எயார்போர்ட், எவ்வளவு நேரம், ஒரே பி.என்.ஆரா இல்லையா என்று தமிழில் எழுதிக் கொடுங்கள். வியாபாரத்தில் குறையை மறைக்கக் கூடாது என்பது உங்களுக்கும் தெரிந்த மார்க்கம். நடக்க இயலாதவருக்கு டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டுப் பதியுங்கள். அதற்குக் காசு இல்லை. அதில் வெட்கப்படவும் ஒன்றும் இல்லை.

பள்ளிவாசல் நிர்வாகங்களே, உம்ரா வகுப்பில் தவாபும் ஸஈயும் அழகாகச் சொல்லித் தருகிறீர்கள். அதோடு அரை மணித்தியாலம் ட்ரான்சிட்டுக்கும் ஒதுக்குங்கள். போர்டிங் பாஸில் கேட் எங்கே, நேரம் எங்கே என்று காட்டுங்கள். லக்கேஜில் ஒட்டும் துண்டில் போய்ச் சேரும் ஊரின் எழுத்துகளைப் பார்க்கச் சொல்லுங்கள். கைப்பையில் தேன் போத்தலும் அச்சாறும் கொண்டுபோனால் சோதனையில் மறிப்பார்கள் என்பதையும் சொல்லுங்கள். மூன்று பேர் பயணம் போனாலே ஒருவரை அமீராக்கச் சொன்ன மார்க்கம் இது. முப்பது பேர் போகும் குழுவில் முன்னுக்கு ஒருவர், கடைசியில் ஒருவர் என்று பொறுப்புக் கொடுங்கள்.

ஆசிரியர்களாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. 24 மணித்தியாலக் கடிகாரத்தைப் பாடத்தில் படிப்பிக்கிறோம். கட்டாரும் சவூதியும் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னுக்கு, அமீரகம் ஒன்றரை மணித்தியாலம் பின்னுக்கு. அதை வைத்தே ஒரு கணக்குக் கொடுக்கலாம். நமது வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் எத்தனையோ பேர் சாதாரண தரம் முடித்து நாலைந்து வருடத்தில் அந்த வழியால்தான் போகப்போகிறார்கள். பழைய போர்டிங் பாஸ் ஒன்றை வகுப்புக்குக் கொண்டுபோக எந்தச் சுற்றுநிருபமும் தேவையில்லை.

அப்படியும் தவறிவிட்டால், பதறி வெளியே போக வேண்டாம், உடனே புது டிக்கெட்டும் வாங்க வேண்டாம். வந்த விமான நிறுவனத்தின் ட்ரான்ஸ்பர் கவுண்டருக்குப் போய் டிக்கெட்டையும் கடவுச்சீட்டையும் காட்டுங்கள். ஒரே டிக்கெட் என்றால் அடுத்த விமானத்தைக் கேளுங்கள். தங்கவும் சாப்பிடவும் என்ன ஒழுங்கு என்றும் கேளுங்கள். கேட்பது பிச்சை அல்ல.

இந்த வருடம் போகவிருக்கும் உம்மா வாப்பாமாருக்கு யாராவது இதை வாசித்துக் காட்டுங்கள். காசு கட்ட முன்னர் அந்த ஒரு கேள்வியைக் கேட்க வையுங்கள். அல்லாஹ் எல்லோருடைய பயணத்தையும் இலகுவாக்கி, போனவர்களை நலமாக வீடு சேர்ப்பானாக. ஆமீன்.