செல்போனில் நெட் வருது... கம்ப்யூட்டரில் மட்டும் வரலையா? புது மோடம் மாட்டியதும் கவனிக்க வேண்டியவை!

கேபிள்காரர் வந்தார். பழைய மோடத்தைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினார். செல்போனில் வைஃபை வந்ததும், 'எல்லாம் ஓகே சார்' என்று கிளம்பிவிட்டார். பல வீடுகளில் சிக்கல் அதன் பிறகுதான் தொடங்குகிறது. ராத்திரி, பிள்ளையின் கல்லூரி விண்ணப்பத்தை அனுப்பலாம் என்று கம்ப்யூட்டரை ஆன் செய்தால், 'நோ இன்டர்நெட்' என்று நிற்கிறது. மறுநாள் கடைசி நாள் என்றால் வீடே பதறிப்போகும்.

பதற வேண்டாம். இதில் பெரும்பாலான கோளாறுகளை வீட்டிலேயே சரிசெய்துவிடலாம்.

அவசரமா? முதலில் வேலையை முடியுங்கள்!

கடைசி நாள் நெருக்கடி இருந்தால் மோடத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஆண்ட்ராய்டு போனை சார்ஜர் வயரால் கம்ப்யூட்டரில் இணைத்து, செட்டிங்ஸில் 'யு.எஸ்.பி. டெதரிங்' என்பதை ஆன் செய்யுங்கள். போனில் உள்ள டேட்டா கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். வைஃபை வசதி இல்லாத பழைய கம்ப்யூட்டருக்கும் இது பொருந்தும். விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு, நிதானமாகக் கோளாறைத் தேடலாம்.

போனில் வருவது எந்த நெட்?

போனில் மொபைல் டேட்டாவை ஆஃப் செய்துவிட்டு, வைஃபையில் மட்டும் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். திறந்தால், வெளியிலிருந்து வீட்டுக்கு வரும் இணைப்பு நன்றாக இருக்கிறது. கோளாறு மோடத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில்தான். திறக்கவில்லை என்றால் மோடத்தின் விளக்குகளைப் பாருங்கள். ஃபைபர் இணைப்பில் 'எல்.ஓ.எஸ்.' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால், மோடத்துக்கு ஒளி சிக்னல் வரவில்லை என்று அர்த்தம். ஆபரேட்டரை அழைப்பதுதான் வழி. அந்த மெல்லிய வயருக்குள் இருப்பது கண்ணாடி இழை. அதை மடக்கவோ, கழற்றி முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவோ கூடாது.

வயரைப் பாருங்கள்

கம்ப்யூட்டரின் பின்புறம், வயர் செருகும் இடத்தில் சின்ன விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை என்றால் வயரைக் கழற்றி, 'க்ளிக்' சத்தம் வரும்படி மறுபடி செருகுங்கள். கிளிப் உடைந்த பழைய வயர் லேசாக ஆடினாலே இணைப்பு போய்விடும். மோடத்தில் 'லேன்' என்று எழுதியிருக்கும் வேறொரு துளையிலும் மாற்றிப் பாருங்கள். டெலிபோன் வயரும் அந்தத் துளைக்குள் நுழையும். ஆனால் வேலை செய்யாது. அது இதைவிடக் குறுகலாக இருக்கும்.

எதை முதலில் ஆன் செய்வது?

வைஃபை இல்லாத கேபிள் மோடம்கள் பலவற்றுக்கு ஒரு குணம் உண்டு. முதலில் இணைந்த கருவியின் அடையாள எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்து வரும் கருவியை ஏற்க மறுக்கும். ஆபரேட்டர் தன் லேப்டாப்பில் சோதித்துவிட்டுப் போயிருந்தால், உங்கள் கம்ப்யூட்டர் அதற்கு அந்நியம்தான்.

இரண்டையும் ஆஃப் செய்துவிட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். பிறகு மோடத்தை மட்டும் ஆன் செய்து, விளக்குகள் நிலையாக எரியும்வரை பொறுத்திருங்கள். கடைசியாகத்தான் கம்ப்யூட்டர். மோடத்துக்கு மினி யு.பி.எஸ். வைத்திருக்கும் வீடுகளில், சுவரில் உள்ள சுவிட்சை அணைத்தாலும் மோடம் அணையாது. மோடத்தில் செருகியிருக்கும் பவர் வயரையே கழற்ற வேண்டும்.

இந்த எண்ணைக் கவனியுங்கள்

விண்டோஸில் செட்டிங்ஸ், நெட்வொர்க், எத்தர்நெட் என்று வரிசையாகத் திறந்தால் 'ஐ.பி. முகவரி' தெரியும். அது 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் மோடம் கொடுத்த முகவரிதான். 169.254 என்று தொடங்கினால், மோடத்திடமிருந்து பதில் வராததால் கம்ப்யூட்டர் தனக்குத்தானே ஒரு முகவரியை வைத்துக்கொண்டது என்று பொருள். வயரையும், ஆன் செய்யும் வரிசையையும் மறுபடி பாருங்கள்.

அதே பக்கத்தில் 'ஐ.பி. அசைன்மென்ட்' என்ற இடத்தில் 'மேனுவல்' என்றிருந்தால், பழைய இணைப்புக்காக யாரோ கையால் எண்களைப் பதிந்திருக்கிறார்கள். அந்த எண்கள் புது மோடத்துக்குப் பொருந்தாமல் போகலாம். 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றிவிடுங்கள். அதன் கீழே உள்ள 'டி.என்.எஸ்.' என்பதற்கும் இதுவே பொருந்தும்.

பெயர் தெரியலையா, தேதி தப்பா?

வைஃபையில் இயங்கும் பழைய லேப்டாப்பில் புது மோடத்தின் பெயரே தெரியாமல் இருக்கலாம். மோடத்தில் பெரும்பாலும் இரண்டு பெயர்கள் இருக்கும். '5ஜி' என்று முடிவது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. செல்போனின் 5ஜிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பழைய கருவிகள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். 5ஜி இல்லாத இன்னொரு பெயரில் இணையுங்கள்.

இணைப்பு வந்தும் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பில்லை' என்று எச்சரிக்கை வருகிறதா? கம்ப்யூட்டரில் தேதியைப் பாருங்கள். பல நாள் ஆன் செய்யாத டெஸ்க்டாப்பில் உள்ளிருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்து, தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். தேதியைத் திருத்தினாலே சரியாகும்.

இரண்டை மட்டும் செய்யாதீர்கள்!

மோடத்தின் பின்னால் ஊசித்துளை அளவில் இருக்கும் 'ரீசெட்' பட்டனை அழுத்தாதீர்கள். ஆபரேட்டர் பதிந்துவைத்த யூசர்நேம், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்துவிடலாம். அதுவரை போனிலாவது வந்துகொண்டிருந்த நெட்டும் போய், ஆபரேட்டர் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இரண்டாவது, அதைவிட முக்கியம். கஸ்டமர் கேர் நம்பரை இணையத்தில் தேடி அழைக்காதீர்கள். தேடலில் வரும் எண்களில் மோசடி ஆசாமிகளின் எண்ணும் இருக்கும். 'சார், ஒரு ஆப் இறக்குங்க, இங்கிருந்தே சரிபண்றோம்' என்பார்கள். அந்த ஆப் வழியாக உங்கள் திரை அவர்கள் கைக்குப் போய்விடும், ஓ.டி.பி. உட்பட அதில் வருவதையெல்லாம் பார்ப்பார்கள். பில்லில் அச்சிட்ட எண்ணையோ, வழக்கமாக வரும் ஆபரேட்டரின் எண்ணையோ மட்டும் அழையுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்காக அந்த எண்ணை மோடத்தின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஒருவேளை பணம் போய்விட்டால், தயங்காமல் உடனே 1930 என்ற சைபர் க்ரைம் உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே முடக்க அவ்வளவு வாய்ப்பு.