காற்றுக்கும் கணக்கு வேண்டும்

2020 ஜனவரி 24 அன்று சீனாவின் குவாங்சோ நகரில், ஜன்னல் இல்லாத ஓர் ஏசி உணவகத்தில் மூன்று குடும்பங்கள் அடுத்தடுத்த மேசைகளில் மதிய உணவு சாப்பிட்டன. வூஹானிலிருந்து வந்திருந்த ஒருவரையும் சேர்த்து அக்குடும்பங்களில் 10 பேருக்குக் கரோனா வந்தது. அதே தளத்தில் சாப்பிட்ட மற்ற 73 பேருக்கு வரவில்லை, பரிமாறியவர்களுக்கும் வரவில்லை. ஆராய்ந்தபோது, ஒரே ஏசியின் காற்று அந்த மூன்று மேசைகளையே சுற்றி வந்திருந்ததும், வெளிக்காற்று ஒருவருக்கு நொடிக்குச் சுமார் ஒரு லிட்டர்தான் கிடைத்ததும் தெரியவந்தன. மூச்சுவழி நோய்களைத் தடுக்கும் பொறுப்பைத் தனிமனிதரின் கைகழுவலிலும் இடைவெளியிலும் மட்டும் சுமத்திவிட்டு, கட்டடத்தை நாம் எளிதாகத் தப்பவிடுகிறோம்.

இதற்கு வேர், நீண்டகாலம் நிலைத்த ஒரு கருத்து: நோயாளியின் வாயிலிருந்து வரும் துளிகள் ஓரிரு மீட்டருக்குள் தரையில் விழுந்துவிடும்; 5 மைக்ரானுக்குக் குறைந்தவையே மிதக்கும். உண்மையில் 100 மைக்ரானோ அதற்கு மேலோ அளவுள்ள துளிகள்தாம் சில நொடிகளில் விழுகின்றன. அதைவிட மிகச் சிறியவை நீர் வற்றிச் சுருங்கி, நிமிடக்கணக்கிலும் மணிக்கணக்கிலும் மிதக்கும். தும்மல்கூட வேண்டாம், பேச்சும் பாட்டும் போதும். இதை 1930களிலேயே அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் வெல்ஸ் விளக்கினார். பின்னர் மருத்துவர் ரிச்சர்ட் ரைலி, அமெரிக்காவின் பால்டிமோர் நகர மருத்துவமனை ஒன்றின் காசநோய் வார்டுக் காற்றைக் குழாய்வழியே கினிப் பன்றிகளிடம் செலுத்தியபோது அவற்றுக்கும் காசநோய் தொற்றியது. அப்படியிருந்தும் 2020 மார்ச்சில், கரோனா காற்றில் பரவாது என்றே உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதே ஆண்டு ஜூலையில் 239 அறிவியலாளர்கள் அதை எதிர்த்து எழுத வேண்டியிருந்தது.

அருகில் இருப்பவருக்குத்தானே அதிகம் தொற்றுகிறது, அது பெருந்துளிகளின் வேலைதானே என்று கேட்கலாம். ஊதுபத்திப் புகையும் பக்கத்தில்தான் அடர்த்தி. அதனால் அது காற்றில் பரவவில்லை என்று ஆகிவிடாது. கதவை அடைத்துவிட்டால் மூலையில் இருப்பவரையும் அது எட்டும். வெளிக்காற்றை உள்ளே விட்டால் ஏசிக்கு மின்செலவு கூடும் என்ற மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால், சாதாரண ஸ்பிளிட் ஏசி அறைக்காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. அந்தச் சிக்கனத்தின் விலையை மருத்துவச் செலவாகவும் விடுப்பாகவும் உள்ளே இருப்பவர்கள் கட்டுகிறார்கள். எக்ஸாஸ்ட் ஃபேன், நல்ல வடிகட்டி, இடைவேளையில் திறக்கப்படும் ஜன்னல் ஆகியவை எட்டாத செலவுகள் அல்ல. கைகழுவுதல் வயிற்றுப்போக்கு உள்ளிட்ட நோய்களைத் தடுப்பதால் அதையும் கைவிட வேண்டாம். அது காற்றோட்டத்துக்கு மாற்று ஆகாது, அவ்வளவுதான்.

அளவுகோலும் கைவசம் இருக்கிறது. குடியிருப்பு அல்லாத கட்டடங்களில் ஒருவருக்கு நொடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்று வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. நுண்துளிகள் 10 மீட்டர்வரை செல்லலாம், காற்றோட்டம் அவசியம் என்று இந்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகமும் அதே ஆண்டு மே மாதம் எச்சரித்தது. வெளியில் பத்து லட்சத்தில் சுமார் 420 பங்காக இருக்கும் கார்பன் டை ஆக்சைடு, காற்றோட்டம் குறைந்தால் நாம் விடும் மூச்சால் அறைக்குள் கூடும்; அது எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஒரு சிறு கருவியே காட்டிவிடும். திரையரங்கு, பயிற்சி மையம், மருத்துவமனைக் காத்திருப்பு அறை எதற்கும் உரிமம் தரும்போது தீத்தடுப்பைப் பார்க்கும் அரசு, காற்றோட்டத்தையும் அளக்க வேண்டும். அந்த அளவை வாசலில் எழுதி வைக்கச் சொல்ல வேண்டும்.