கன்றோடு வரும் வாடல்

ரஸ்தாளி வாழைத் தோட்டத்தில் அடியிலைகள் மஞ்சளித்து, காம்பொடிந்து தண்டைச் சுற்றித் தொங்கினால், உரக்குறை என்று நாளைக் கடத்தக் கூடாது. கிழங்கை வெட்டிப் பாருங்கள். செம்பழுப்புக் கோடுகள் தெரிந்தால் பெரும்பாலும் அது ஃபியூசேரியம் என்ற பூஞ்சையால் வரும் வாடல்தான். இந்தப் பூஞ்சை பல பத்தாண்டுகள் மண்ணில் உயிரோடிருக்கும். எந்த மருந்தும் அதை அடியோடு ஒழிப்பதில்லை. ஏற்றுமதிச் சந்தையை ஆண்ட குரோஸ் மிச்செல் ரகத்தைக் கடந்த நூற்றாண்டில் வீழ்த்தியதும் இதுவே. அதற்கு மாற்றாக வந்த கேவண்டிஷ் ரகத்தையும் தாக்கும், இதே பூஞ்சையின் டி.ஆர்.4 வகை, பீகாருக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் வந்துவிட்டது.

கன்றோடு இது பரவுவதால், நோய் கண்ட தோட்டத்துப் பக்கக்கன்று கைமாறுவதை நிறுத்துவதே முதல் வேலை. சோதித்த திசு வளர்ப்புக் கன்றுகளைச் சிறு விவசாயிக்கு அரசு மானிய விலையில் தர வேண்டும். வெளிமாநிலக் கன்றுகளைச் சோதிக்காமல் உள்ளே விடக் கூடாது. பாதித்த வயலில் நெல்லுக்கு மாறலாம். மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த தோட்டத்தில் இறக்காதீர்கள்.