கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுங்கள்!

2017 பிப்ரவரியில், தமிழகம் முழுக்க தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? என் மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. வாட்ஸ்-அப்பில் ஒரு குரல் வந்தது... 'இந்த ஊசி பிள்ளைங்களுக்கு ஆபத்து. ஸ்கூலுக்கு அனுப்பாதீங்க' என்று. பேசியது யார், டாக்டரா, எந்த ஊர்... ஒன்றும் தெரியாது. பெத்த வயிறு கேட்குமா? காய்ச்சல் என்று பொய் சொல்லி, அவளை வீட்டிலேயே நிறுத்திக் கொண்டேன். போதாததற்கு, எங்கள் மகளிர் குழுவில் அத்தனை பேருக்கும் அதை அனுப்பியும் வைத்தேன்.

அப்புறம் நர்சம்மா வீடு தேடி வந்து, 'கர்ப்பமா இருக்கறவளுக்கு ரூபெல்லா வந்தா, வயித்துப் பிள்ளைக்கு கண்ணு, காது, இதயம் எல்லாம் பாதிக்கும்மா. உன் பொண்ணும் நாளைக்குத் தாயாகப் போறவதானே...' என்றார். மறுநாளே ஊசி போட்டு விட்டேன். ஆனால், நான் அனுப்பியதைக் கேட்டு எத்தனை பேர் போடாமல் விட்டார்களோ! இன்று வரை அவர்களைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த வருடம், 2018 மே மாதம், பக்கத்து திருவண்ணாமலை மாவட்டம், போளூர் அருகே அத்திமூரில் நடந்தது இன்னும் கொடுமை. குலதெய்வம் கோவிலுக்கு வந்த வயதான அம்மா, குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். 'பிள்ளை பிடிக்கிற கும்பல்' என்று அடித்தே கொன்று விட்டனர். அதற்கும், போனில் பரவிய வதந்திதான் காரணம்.

அதே 2018ல், கேரளாவில் கண்ணூர் மாவட்டத்தில், 150 அரசுப் பள்ளிகளில், போனில் வருவது நிஜமா, பொய்யா என்று பார்க்க, பிள்ளைகளுக்கு வகுப்பே நடத்தினார்கள். 'சத்யமேவ ஜயதே' என்று பெயர். அங்கேயும், தடுப்பூசி பற்றி வதந்தி கிளம்பியிருந்ததாம்!

இங்கே பள்ளிக் கூட்டத்தில் இதைக் கேட்டால், 'பாடம் முடிக்கவே நேரமில்லை. நீங்க போனைக் கையில கொடுக்காதீங்க, அது போதும்' என்கின்றனர். கொரோனா சமயத்தில் பாடமே போனில் தானே வந்தது? அப்போது கொடுத்ததை, இப்போது எப்படிப் பிடுங்குவது?

வாரம் ஒரு பீரியட் போதும். 'இதை யார் சொன்னது, எப்போ எடுத்த படம், பேப்பரில் வந்திருக்கா, சுகாதார நிலையத்தில் என்ன சொல்றாங்க?' இந்த நாலு கேள்வியைப் பழக்கி விடுங்கள். போனைத் திறக்கவே பிள்ளைகளிடம்தான் நாங்கள் கற்றுக் கொண்டோம். இதையும் அவர்களிடமே கற்றுக் கொள்கிறோம்.

— ஒரு வாசகி, காவாந்தண்டலம்.